சல்லிக்குப் பின்னால் வேர் வந்த கதை

அந்தக் காலத்தில் மரங்கள் வாய்விட்டுப் பேசின. காற்றடித்தால் இலை சலசலக்கிறதே, அதைப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அது வெறும் சத்தம். அப்போது இருந்தது தெளிவான பேச்சு, கேட்டதற்குப் பதிலும் பதிலுக்கு எதிர்க்கேள்வியும் உள்ள பேச்சு. புளியமரம் வழியில் போகிறவர்களை வம்புக்கு இழுக்கும். பனைமரம் எதையும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும். ஆலமரத்திடம் மாட்டிக்கொண்டவன் அன்றைக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான். இந்தப் பேச்செல்லாம் மரத்தின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டுவைக்கவில்லை. இலையிலிருந்துதான் வரும், வேறு எங்கிருந்து வரப்போகிறது என்று எல்லோரும் பொதுவாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு மலையின் தெற்குச் சரிவில் கிழங்கு தோண்டிப் பிழைக்கும் இருபது குடும்பங்கள் இருந்தன. கவலைக்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, நூறான்கிழங்கு, எதுவாக இருந்தாலும் மேலே இருக்கும் கொடியைப் பார்த்தே கீழே அது எவ்வளவு ஆழத்தில் படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். (கவலை என்பது கிழங்கின் பெயர்தான். அதை அவித்துத் தின்றவனுக்கு அன்றைக்கு ஒரு கவலையும் இருக்காது.) ஆள் ஆழம் தோண்டி, நுனி ஒடியாமல் கிழங்கை வெளியே எடுப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் எடுத்த கிழங்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஓடையில் உட்கார்ந்து மண் போகக் கழுவி, அதன்மேல் நூல் நூலாகத் தொங்குவதை எல்லாம் மூங்கில் சிம்பால் சுரண்டி எறிந்து, கிழங்கு வழவழவென்று ஆன பிறகுதான் கூடையில் போடுவார்கள்.

சுரண்டி எறிந்த அந்தக் குப்பைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சல்லி. நாளடைவில் எதற்கும் உதவாத எல்லாமே அவர்களுக்குச் சல்லி ஆகிவிட்டது. உடைந்த கல் சல்லி, அற்பப் புத்திக்காரன் சல்லி, வேலைக்கு ஆகாத பேச்சு சல்லிப் பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக் கிழங்குக் கூடையைத்தான் பார்ப்பார்கள். ஒரு கிழங்கில் நாலு நூல் தொங்கினாலும் போதும், சல்லிக்காரி வீடு என்று பெயர் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் பெண்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுரண்டுவார்கள்.

அவர்களில் காராயி மூன்று தடவை சுரண்டுகிறவள். அவள் கூடையில் இருக்கும் கிழங்கு ஓடைக்கல் மாதிரி பளபளக்கும். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கணவன் மாசன் சாதுவானவன், தோண்டுவதைத் தவிர வேறெதற்கும் அவசரப்படாதவன். இவர்களுக்கு ஒரே ஒரு பெண், தும்பி. ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும், கண்ணில் அறிவு துள்ளும், ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

தும்பி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை மூன்று நாள் ஓயாமல் அழுதாள். பால் கொடுத்துப் பார்த்தார்கள், வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினார்கள், கண்ணேறு கழித்தார்கள். மூன்றாம் நாள் தற்செயலாகத் தலையைச் சாய்த்தபோது காதுக்குள்ளிருந்து ஒரு கட்டெறும்பு வந்து விழுந்தது. காராயிக்கு அன்றைக்கு நெஞ்சில் விழுந்த பயம் பிறகு இறங்கவே இல்லை. மூன்று நாளாகக் குழந்தை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, பெற்றவளுக்குப் புரியவில்லை. நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது வந்தால் என்ன செய்வது?

அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்தது வாசலில் தானாக முளைத்திருந்த நாவல் கன்று. தும்பி தவழ்ந்து போய் அதன் அடியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். ஒருநாள் கன்று பேசியது.

“ஆத்தா, தும்பிக்குத் தொண்டை நோவுதாம்.”

காராயி ஓடிவந்து குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். தொண்டை சிவந்துபோய்க் கிடந்தது. அன்றிலிருந்து தும்பிக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது, எதற்குக் கோபம் என்று எல்லாவற்றையும் அந்தக் கன்றுதான் சொல்லிவந்தது. எப்படித் தெரிந்துகொள்கிறது என்று அது சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. உன் மகளுக்கு வாய் வாசலில் முளைத்திருக்கிறது என்று ஊர் மூப்பர் சடையன் கேலி செய்வார். காராயி சிரித்துக்கொள்வாள். காலையில் எழுந்ததும் கன்றிடம் போய், தும்பி என்ன சொல்கிறாள் என்று கேட்பதுதான் அவளுடைய முதல் வேலை. கேட்டுவிட்டால் அன்றைய நாள் நிம்மதியாகப் போகும்.

தும்பியின் ஐந்தாவது வயதில் மழை விடாமல் பதினெட்டு நாள் பெய்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் ஊருக்கு மேலே சரிவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. முதலில் விரல் நுழைந்தது, மத்தியானத்துக்குள் கை நுழைந்தது. சடைய மூப்பர் வெடிப்பருகே குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தபோது முகம் வெளிறியிருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் ஊர் மொத்தமும் கிளம்பிவிட வேண்டும், அரைநாள் நடையில் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் சட்டி பானை கட்டினார்கள். காராயி மட்டும் நாவல் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது இப்போது அவள் மார்பளவு வளர்ந்திருந்தது. இதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றாள். மூப்பருக்குக் கோபம் வந்தது. மண்ணில் நிற்கிற மரத்தைப் பிடுங்கி இன்னொரு மண்ணில் நடுவதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் என்ன, அந்தக் காலத்தில் யாருமே கேள்விப்பட்டதில்லை. முளைத்த இடத்தில்தான் மரம் நிற்கும், அங்கேயேதான் சாகும். ஆள் ஆழத்துக் கிழங்கையே முழுசாக எடுக்கிறோம், இதை எடுக்க மாட்டோமா என்று மாசன் மெல்லச் சொன்னான். தோண்டுகிற பேச்சு வந்ததும் மூப்பரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மரத்தையே கேட்கலாம் என்றார்.

காராயி கேட்டாள்.

“எனக்கும் தெரியாது ஆத்தா. இதுக்கு முன்னால யாரும் போனதில்ல. பயமாத்தான் இருக்கு. ஆனா தும்பி போற இடத்துக்கு நானும் வரேன்.”

மறுநாள் விடிந்ததும் தோண்ட ஆரம்பித்தார்கள். மாசனும் இன்னும் நாலு பேரும் ஆள் ஆழத்துக்கு இறங்கினார்கள். நடுவேர் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலே வெடிப்பு அகலமாகிக்கொண்டே வந்தது. காராயி ஒரு கண்ணை வெடிப்பின் மேலும் ஒரு கண்ணைக் குழியின் மேலும் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கவலை, இலை உதிர்ந்துவிடக் கூடாது. பேச்சு இலையில் அல்லவா இருக்கிறது! தன் பழைய சேலையைக் கிழித்து நனைத்து, ஒரு கிளை விடாமல், பிரசவித்தவளுக்குக் கட்டுவதுபோல் பக்குவமாகச் சுற்றிக் கட்டினாள்.

நடுவேர் நுனி ஒடியாமல் முழுசாக வந்தது. குழிக்குள் இருந்தவர்கள் சந்தோஷத்தில் கத்தினார்கள். மூப்பரே கீழே இறங்கி அதன் நுனியைத் தொட்டுப் பார்த்து, என் வாழ்நாளில் இப்படி ஒரு வேரை எடுத்ததில்லை என்றார். வேரைச் சுற்றி மண் ஒரு பானை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மண்ணுக்குள்ளும் வெளியிலும் ஆயிரக்கணக்கில் வெள்ளை நூல்கள், குழந்தைத் தலைமுடி மாதிரி.

இந்த இடத்தில்தான் நடக்கக் கூடாதது நடந்தது. அதை வேறு யாரும் செய்யவில்லை, காராயிதான் செய்தாள். யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. ஒரு வேர் மண்ணிலிருந்து வெளியே வந்தால் அடுத்து என்ன செய்வது என்று அவள் கைக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். புது ஊருக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும்போது சல்லி தொங்கும் வேரையா தூக்கிக்கொண்டு போவது? அதுவும் தும்பியின் மரத்தை? ஆண்கள் மூட்டை கட்டப் போன நேரத்தில் அவள் கன்றை ஓடைக்குத் தூக்கிப்போய்க் கல்லின்மேல் கிடத்தினாள். தண்ணீரை அள்ளி ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது. இடுப்பிலிருந்து மூங்கில் சிம்பை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“ஆத்தா, குளிருது” என்றது கன்று.

“ஆயிடுச்சு சாமி, ஆயிடுச்சு.”

“ஆத்தா, தும்பி சொல்றா...”

“என்ன சொல்றா?”

“தும்பி சொ... வே...”

களைத்துப்போய்விட்டது என்று காராயி நினைத்தாள். தோண்டி எடுத்த அலுப்பு, வெளிக்காற்று, பாவம். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கையை இன்னும் வேகமாக ஓட்டினாள். கன்று ‘ம்’ என்றது. மறுபடியும் ‘ம்’ என்றது. பிறகு அதுவும் வரவில்லை. தும்பி எங்கிருந்தோ ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தும் கை நிற்காததைக் கண்டு மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டாள். கணவாய்க்குப் போகும் அவசரம், மேலே வெடிப்பு, கையில் ரத்தம். காராயி பெண்ணை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு மூன்றாம் தடவையும் சுரண்டி முடித்தாள். நாவல் வேர் கவலைக்கிழங்கு மாதிரி வழவழவென்று ஆனது. ஓடைக்கரையில் சல்லி ஒரு குவியலாகக் கிடந்தது.

பொழுது சாய்வதற்குள் புது மேட்டில் குழி எடுத்து நட்டுவிட்டார்கள். சேலைத் துணியை அவிழ்த்தபோது ஒரு இலைகூட உதிரவில்லை. எல்லோரும் மெச்சினார்கள்.

மறுநாள் காலையில் காராயி போய், தும்பி என்ன சொல்றா என்று கேட்டாள். பதில் இல்லை. இலைகள் எல்லாம் கீழே பார்த்துத் தொங்கின. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். மத்தியானம் போய்க் கேட்டாள். சாயங்காலம் கேட்டாள். கன்று தூங்குகிறது என்றான் மாசன். மரம் எப்போது தூங்கியிருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இரண்டாம் நாள் இலைகளின் ஓரம் சுருண்டது. அன்றைக்குத் தும்பியும் சாப்பிடவில்லை. களியை உருட்டி வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தண்ணீரையும் தள்ளிவிட்டாள். மரத்தடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். காராயி அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். காதைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் ஒருத்தி. கணவாயில் காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்றாள் இன்னொருத்தி. நீ அறைந்ததில் குழந்தை மிரண்டுவிட்டது என்றாள் மூன்றாவது ஒருத்தி, அது காராயியின் நெஞ்சில் போய்த் தைத்தது. கட்டெறும்பு விழுந்த அந்த மூன்று நாளும் திரும்பி வந்துவிட்டன. அவள் கன்றின் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொல், எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல், அதற்குப் பிறகு நீ பேசவே வேண்டாம் என்று கெஞ்சினாள். ஒரு இலை அவள் தோளில் உதிர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் இலைகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. தும்பியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. காராயி அவளை மடியில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. அப்போது தும்பி மடியிலிருந்து நழுவி, கன்றின் அடியில் ஈர மண்ணை விரலால் பறிக்க ஆரம்பித்தாள். காராயி தடுக்கப் போனாள். மணிக்கட்டில் பல் பதிந்த காயம் கண்ணில் பட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

தும்பி நடுவேரின் மேல்பாகம் தெரிகிற அளவுக்குப் பறித்தாள். வழவழப்பான அந்த வேரின்மேல் விரலை ஓட்டிக் காட்டினாள். பிறகு அம்மாவின் அவிழ்ந்த கூந்தலைக் கை நிறையப் பிடித்து இழுத்து, அதன் நுனியை வேரின்மேல் பரப்பி வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காராயிக்கு விளங்கவில்லை. தும்பி மறுபடியும் அதே நுனியை எடுத்தாள். இந்தத் தடவை தன் வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, அந்த முடி நுனியை நாக்கின்மேல் வைத்தாள்.

காராயி இரண்டையும் பார்த்தாள். வேரின்மேல் முடி. நாக்கின்மேல் முடி. அந்த வெள்ளை நூல்கள்தான் மரத்தின் நாக்கு. அவற்றால்தான் அது மண்ணை ருசித்தது, அவற்றால்தான் தண்ணீர் குடித்தது, மண்ணுக்குள் கை விட்டு விளையாடிய குழந்தையின் மனசை அவற்றால்தான் தொட்டுத் தெரிந்துகொண்டது. இலையைத் துணி சுற்றிக் காப்பாற்றிவிட்டு, நாக்கை அவள் தன் கையாலேயே சுரண்டி எறிந்திருக்கிறாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அது குளிருகிறது என்று சொன்னபோதும் சுரண்டியிருக்கிறாள்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பழைய சரிவுக்குப் போகிறேன், குழியில் மிச்சம் இருக்கும் சல்லியையும் அந்த மண்ணையும் கொண்டுவருகிறேன் என்றாள். சடைய மூப்பர் வழியை மறித்தார்.

“நேத்து அங்க மலை உறுமிச்சுன்னு கேட்டுட்டு வந்திருக்காங்க. குப்பைக்கா உசுரக் குடுக்கப் போற? அது சல்லி, காராயி.”

“அது வேரு மூப்பரே.”

“சல்லிய வேருன்னு யாரு சொன்னா?”

“சல்லியும் வேருதான். எம் மவ சொன்னா.”

பேசாத பெண் சொன்னாள் என்கிறாளே, புத்தி பிசகிவிட்டது என்று மூப்பர் நினைத்தார். ஆனாலும் ஒதுங்கி வழிவிட்டார். தும்பி அம்மாவின் சேலைத் தலைப்பை விடவில்லை. வேறு வழியில்லாமல் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே காராயி நடந்தாள்.

கணவாய் வழியில் ஒரு கிழட்டுப் புளியமரம் உண்டு. வருகிறவர் போகிறவரை எல்லாம் கிண்டல் செய்யும், காராயியைக் கண்டால் வழுக்குமரத்துக்காரி என்று கூப்பிடும், அவள் கிழங்கு அவ்வளவு வழுக்குமாம். அன்றைக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் தாத்தா என்று அவளாகக் கேட்டும் பதில் வரவில்லை. அடுத்து நின்ற வேம்பும் பேசவில்லை. கடம்பும் பேசவில்லை. அவள் நாவலின் நாக்கைச் சுரண்டிய செய்தி மண்ணுக்குள்ளேயே ஓடி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு பக்கமும் நின்ற மரங்களை நிமிர்ந்து பார்க்கக் கூசி, தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். காடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

பழைய ஊரில் வெடிப்பு இப்போது ஒரு ஆள் இறங்குகிற அகலம் இருந்தது. ஓடைக்கரையில் அவள் சுரண்டிப்போட்ட குவியல் வெயிலில் காய்ந்து கருத்து, தொட்டால் பொடியாகிப்போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். அழ நேரமில்லை என்பதுபோல் மேலேயிருந்து நாலு கல் உருண்டு வந்து ஓடையில் விழுந்தது. தும்பியைக் குழியின் விளிம்பில் உட்கார வைத்துவிட்டு உள்ளே இறங்கினாள். குழியின் ஓரங்களில், நிழலான இடத்தில், அறுந்துபோன வெள்ளை நூல்கள் இன்னும் ஈரத்தோடு மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தோண்டுகோல் எடுக்கவில்லை, விரலாலேயே மண்ணை அள்ளினாள். ஒரு நூல்கூட வெளியே தெரியாதபடி மண்ணோடு மண்ணாகக் கூடையில் அமுக்கினாள். காலுக்குக் கீழே தரை ஒருமுறை வழுக்கினாற்போல் அசைந்தது. அவள் மேலே ஏறி, ஒரு கையால் பெண்ணையும் ஒரு கையால் தலைச்சுமைக் கூடையையும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

கன்றின் அடியைச் சுற்றித் தோண்டி, புது மண்ணை விலக்கி, கொண்டுவந்த மண்ணை வேரைச் சுற்றி அணைத்து வைத்தாள். குடம் குடமாக ஊற்றாமல் கையால் தெளித்தாள். நாலு பக்கமும் கழி நட்டு, மேலே தழை போட்டு நிழல் கட்டினாள். மிச்சமிருந்த இலைகளும் இரண்டு நாளில் உதிர்ந்துவிட்டன. வெறும் குச்சி நின்றது. விறகுக்குக்கூடப் பத்தாது என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. உயிர் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்க, நகத்தால் கீறிப் பார்க்க, கை பரபரத்தது. இரண்டு கையையும் இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்நாளில் ஒரு வேருக்குப் பக்கத்தில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை. தும்பி நாளுக்கு இரண்டு வாய் கஞ்சி குடித்தாள், அதற்குமேல் ஒன்றும் இறங்கவில்லை. பெண் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

ஒன்பதாம் நாள் தும்பி மண்ணுக்குள் சுண்டுவிரலை விட்டு, மிக மெதுவாக ஓரத்தை விலக்கிக் காட்டினாள். வழவழப்பான வேரிலிருந்து பால்வெள்ளையாக ஒரு நூல் புறப்பட்டிருந்தது. ஒரே ஒரு நூல். தும்பி மண்ணை மூடினாள். பிறகு அம்மாவுக்கு நேரே திரும்பி வாயை ஆவென்று திறந்தாள். பசி. காராயி களியை உருட்டி ஊட்டினாள். ஊட்ட ஊட்ட அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெண்ணுக்கு வேறு நோய் எதுவுமே இல்லை, தன் கூட்டாளிக்கு வாயில்லாதபோது தான்மட்டும் சாப்பிட மனசு வராமல் கிடந்திருக்கிறாள் என்று அவளுக்கு விளங்கியது. யாரும் சொல்லாமலே விளங்கியது.

அடுத்த வாரம் செம்புநிறத்தில் முதல் தளிர் வந்தது. மரம் பிழைத்தது. ஆனால் பேசவில்லை.

காராயி விடவில்லை. தினமும் காலையில் போய், தும்பி என்ன சொல்றா என்று கேட்டாள். மாசக்கணக்கில் கேட்டாள். சில நாள் கோபமாக, சில நாள் மன்னிப்புக் கேட்கிற குரலில். மற்ற மரங்களும் பேச்சை விட்டுவிட்டன. ஆலமரத்தடியில் மாட்டிக்கொள்வதற்குப் பயந்த காலம் போய், ஒரு வார்த்தைக்காக அதன் அடியில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. சில பேர் காராயியை முகத்துக்கு நேரே திட்டினார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். சொல்ல என்ன இருக்கிறது?

மறுவருஷம் ஒருநாள் சடைய மூப்பர் அந்தப் பக்கம் வந்தவர், மரம் ஏதாவது வாய் திறந்ததா என்று கேட்டார். காராயி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மரத்திடம் கேட்டே இரண்டு மாசம் ஆகியிருந்தது. கேட்கத் தோன்றவே இல்லை. தும்பிக்குப் பசித்தால் ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்பாள். காது வலித்தால் தோளை உயர்த்திக்கொள்வாள். பொய்க் கோபத்துக்கு ஒரு மாதிரி முறைப்பாள், நிஜக் கோபத்துக்கு முறைக்கவே மாட்டாள். இதெல்லாம் எப்போது தெரிந்துகொண்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை, ஒவ்வொன்றாக, நூல் நூலாக வந்து சேர்ந்திருக்கிறது. சந்தோஷமும் குற்றவுணர்ச்சியும் ஒன்றாக வர, மூப்பரை வைத்துக்கொண்டே அவள் அழுதாள். அவர் எதுவும் புரியாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டு நின்றார்.

அந்த மழைக்கு மூப்பர் வீட்டிலேயே ஒரு எலுமிச்சங்கன்றை இடம் மாற்ற வேண்டியிருந்தது. கன்றைப் பெயர்த்ததும், புதிதாக வந்த மருமகள் பழக்க தோஷத்தில் மூங்கில் சிம்பை எடுத்துவிட்டாள்.

“தொடாத தாயி” என்றார் மூப்பர். “அது வெறும் சல்லி இல்ல. அது சல்லி...”

அந்த இடத்தில் நின்றுவிட்டார். எதிரே காராயி தும்பியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்.

“...வேரு.”

சல்லி என்ற சொல்லின் பழைய புத்தி இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. அற்பப் பயலைச் சல்லிப்பயல் என்றுதான் இன்றைக்கும் திட்டுகிறோம், உடைந்த கல்லைச் சல்லி என்றுதான் சொல்கிறோம். ஆனால் மண்ணுக்குள் இருக்கிற அந்த வெள்ளை நூலைச் சொல்லும்போது மட்டும் பின்னால் வேர் என்று சேர்த்துச் சொல்லாமல் வாய் நிற்பதில்லை. அன்று முதல்தான் கன்று பெயர்ப்பவர்கள் தாய்மண் உதிராமல் பெயர்க்கிறார்கள், நட்ட பிறகு தழை போட்டு நிழல் கட்டுகிறார்கள். அன்று முதல்தான் மரங்கள் நம்மிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, சொல்ல வேண்டியதை எல்லாம் சல்லிவேர் மண்ணிடமே சொல்லிக்கொள்கிறது.